இருமல் நீக்கிய பதிப்பு

இப்போதும் ஜனங்கள் இருமத்தான் செய்கிறார்கள். யார் காதிலும் விழுவதில்லை, அவ்வளவுதான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குலுங்குவார். நமக்குக் கேட்பது நாம் போட்டுவைத்த பாட்டு மட்டும். குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அதன் காதில் செவிமணியை வைத்துவிடுகிறார்கள். அந்த மணிக்குள் உட்கார்ந்திருக்கும் துலக்கி, வண்டி இரைச்சல், நாய்க் குரைப்பு, தும்மல், ஏப்பம், மூக்குறிஞ்சல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு வேண்டியதை மட்டும் உள்ளே அனுப்பும். பாத்திரத்தைத் துலக்குவதுபோல் சத்தத்தைத் துலக்குகிறது, அதனால் அந்தப் பெயர். துலக்கும்போது வெளியே போவது கழிவொலி. கழிவுக்காக யாரும் அழுவதில்லை.

அமலோற்பவம் அழுதாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

அவளுக்கு அறுபத்தாறு வயது. சென்னைக்கு வடக்கே உப்பங்கழிக்குப்பத்தை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில், பதினோராவது மாடியில் தனியாக இருந்தாள். வாலிபத்தில் டிரம் வாசித்து வாசித்துக் காது பாதி போய்விட்டது. செவிமணி இல்லாவிட்டால் அழைப்பு மணிகூடக் கேட்காது. ஆனாலும் வீட்டில் அவள் சொத்து என்று சொல்லிக்கொண்டது ஒரு இசைப்பேழையைத்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி. அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு இசைத்தொகுப்புகள், முக்கால்வாசி பங்க் ராக். அவள் போயிராத ஊர்களில், அவளுக்குத் தெரியாத மொழிகளில், யாரோ யார்மீதோ கோபப்பட்டுக் கத்தியவை. அவற்றில் ஒன்று அவளுடையது.

பேழைக்குள் இருக்கிறது என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். உலகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரே ஒரு மூலம், ஒரே ஓர் இடத்தில். அமலுவின் பேழையும் கோயம்புத்தூரில் யாரோ ஒரு ரசிகரின் பேழையும் அந்த ஒரே மூலத்துக்குப் போகும் சாவிகள். பதிவான ஒலியில் செவிமணி கை வைக்காது, மூலத்தில் உள்ளபடியே கேட்க விடும். மூலத்தைத் துலக்கினால் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் பாட்டு துலங்கிவிடும். பழசு என்று ஒன்று மிஞ்சாது. எது அசல், எது திருட்டு என்ற வழக்குகளெல்லாம் இதனால் ஒழிந்தன என்று அரசாங்கம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது.

துலக்கி நிறுவனத்திலிருந்து நறுமுகை என்ற பெண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. முப்பது வயது இருக்கும். நல்ல பெண். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள், குடித்த டம்ளரைத் தானே கழுவி வைத்தாள்.

"தகரக்கொட்டாய் பேண்டுல இப்ப உயிரோட இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்மா. நீங்க சரின்னு சொன்னாத்தான் நாங்க கை வைக்க முடியும்" என்றாள்.

"இன்னா பண்ணுவீங்க?"

"வெறும் இரைச்சலை எடுக்கிற வேலை இல்லம்மா. அதெல்லாம் பழைய காலம். இப்ப இருக்கிற துலக்கி, பாடினவர் என்ன பாட நெனைச்சாரோ அதைக் கண்டுபிடிக்கும். ஒருத்தர் குரல், மூச்சு, பாட்டோட அமைப்பு எல்லாத்தையும் வெச்சுக் கணக்குப் போடும். தவறிப்போனது எது, வேணும்னு செஞ்சது எதுன்னு அதுக்குத் தெரியும். அவர் நெனைச்ச பாட்டை அவர் குரல்லயே குடுக்கும்."

அமலு கேட்டாள்: "இருமல் போயிடுமா?"

"மொதல்ல போறதே அதான்மா."

இந்த இடத்தில் சவரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சவரிமுத்து தகரக்கொட்டாயின் பாடகன். பின்னால் அமலுவின் கணவன். குப்பத்துக்கு மேற்கே இருந்த சாம்பல் குளத்தில், அனல் மின் உலையில் எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வெயிலில் காய்ந்ததும் அது எழுந்து காற்றோடு வரும். சோற்றில் விழும், கண்ணில் விழும், கொடியில் காயும் துணியில் விழும். பள்ளிக்கூடச் சட்டையைக் காலையில் வெள்ளையாகப் போட்டால் சாயங்காலம் எருமைத் தோல் நிறத்தில் எடுக்கலாம். அதைத்தான் அவர்கள் பாட்டாகக் கத்தினார்கள். தொகுப்பின் பெயரே 'வெள்ளைத் துணி காயப் போடாதே'. பதினொரு பாட்டு, மொத்தம் இருபத்தாறு நிமிடம்.

பாபு ஷெரீப் கிடார். குணபூஷணம் பேஸ். அமலு டிரம். மாதா கோயில் பேண்டில் கற்றுக்கொண்ட கை; பெரிய டிரம் மட்டும் கோயிலுடையது, மற்றதெல்லாம் பெயின்ட் டப்பாவும் மீன் பெட்டியும். சவரிக்கு நல்ல குரல்தான், ஆனால் ஒரு பாட்டை முழுதாகப் பாட முடியாது. நடுவில் இருமல் வந்துவிடும். வந்தால் லேசில் போகாது. ஒரு கச்சேரியில் அவன் குனிந்து இருமிக்கொண்டே இருக்க, ஜனங்கள் சங்கடத்தோடு பார்க்க, அமலுவுக்குப் பொறுக்கவில்லை. டப்பாக்கள்மீது படபடவென்று குச்சிகளை உருட்ட ஆரம்பித்தாள். அவன் நிமிரும்வரை விடாமல் உருட்டினாள். நிமிர்ந்ததும் நிறுத்தினாள். ஜனங்கள் கை தட்டினார்கள்.

அதிலிருந்து அது வழக்கமாகிப்போனது. இருமல் நெஞ்சில் ஏறுவது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். மைக்கைப் பிடித்தபடியே இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு விரலை விரிப்பான். விரித்தால் உருட்டு, மடக்கினால் நிறுத்து. ஒரு தடவை இரண்டு சுற்று, ஒரு தடவை ஐந்து சுற்று, அவன் நெஞ்சு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு. விஷயம் தெரியாதவர்கள் அதை ஒரு புது பாணி என்று நினைத்தார்கள். வேறு ஊர் பேண்டுகள்கூடக் கொஞ்ச நாள் அதைக் காப்பியடித்தன.

மூடிப்போன ஐஸ் பேக்டரி ஒன்றில், ஒரே மைக்கைத் தொங்கவிட்டு, ஒரே பகலில் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். கேட்டுப் பார்த்தபோது இருமல் முப்பத்தொரு இடத்தில் இருந்தது. உருட்டை மீறியும் கேட்டது. சவரி அதை வெட்டிவிடலாம் என்றான். ஷெரீப் விடவில்லை.

"வுடு சவரி. அதான்டா பங்க்" என்றான்.

சவரி சிரித்தான். "ஒனக்குப் பங்க்டா. எனக்கு இருமல்."

அந்த வாக்கியம் நாற்பத்திரண்டு வருடமாக அமலுவின் மனசில் முள்ளாகக் கிடந்தது. அப்போது அவளும் ஷெரீப் பக்கம் தலையாட்டியிருந்தாள். ஆறு வருடம் கழித்து, முப்பத்தைந்தாவது வயதில் சவரி செத்தான். இறப்புச் சான்றிதழில் 'புகைப்பழக்கத்தால் நுரையீரல் பாதிப்பு' என்று எழுதிக் கொடுத்தார்கள். அவன் வாழ்நாளில் ஒரு பீடி பற்றவைத்தது கிடையாது. குப்பத்து ஆம்பிளை, நெஞ்சு நோய், கேட்கவா வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அமலு நான்கு அலுவலகம் ஏறி இறங்கினாள். புகைக்கவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். செய்யாத காரியத்துக்கு யார் ரசீது வாங்கி வைத்திருப்பார்கள்?

நறுமுகை எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாள். அமலுவுக்கு ஒரே ஓர் ஆசைதான் வந்தது. ஐந்தாவது பாட்டின் இரண்டாவது அடியை அவன் மூச்சுவிடாமல் பாடி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவனுக்கும் அந்த ஆசை இருந்தது. 'ஒரே ஒரு தபா முழுசா பாடிடணும் அமலு' என்று ஆஸ்பத்திரியில்கூடச் சொன்னான்.

"மொத மொதல்ல போட்ட நாடா ஏதாவது வெச்சிருக்கீங்களாம்மா? இப்ப பேழையில இருக்கிறது மூணாம் கை காப்பி."

அமலு எழுந்து போய் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டாள். அன்றைக்கு ஐம்பது கேசட் போட்டார்கள். நாற்பத்தொன்பது வெள்ளத்திலும் உப்புக் காற்றிலும் வீடு மாற்றியதிலும் போயின. ஈரம் படக்கூடாது என்று ஐம்பதாவதை அவள் அரிசியில் புதைத்து வைத்திருந்தாள்.

நறுமுகை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "ஒண்ணு சொல்லிடறேன்மா. இந்த நாடா ரொம்ப நைஞ்சு போயிருக்கு. ஓட்ட முடியாது. ஒளியை விட்டு ஏடு ஏடா உரிச்சுத்தான் படிக்கணும். படிச்சப்புறம் திரும்ப வராது."

"அவன் பாட்டு வரும்ல?"

"கண்டிப்பா வரும்மா."

அமலு விரலை வைத்து ஒப்புதல் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பொட்டலம் வந்தது. ஒரு வாழ்த்து அட்டை, விரல் நீளக் கண்ணாடிக் குப்பி ஒன்று. குப்பிக்குள் பழுப்பாக ஒரு சிட்டிகைத் தூள், அதுதான் கேசட். இசைப்பேழையில் தொகுப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி.

அவள் கதவைத் தாழிட்டுவிட்டு உட்கார்ந்தாள். நேராக ஐந்தாவது பாட்டைப் போட்டாள்.

வெள்ளைத் துணி காயப் போடாதே
கொடியில மேகம் ஒக்காருது
தண்ணியில மீனக் காணோம்
தட்டுல மட்டும் சாம்பல் வருது

'கொடியில' என்ற சொல்லில்தான் அவனுக்கு எப்போதும் அடைக்கும். அடைக்கவில்லை. தாண்டிப் போனான். நான்கு வரியையும் ஒரே மூச்சில், பத்தொன்பது விநாடி, எங்கேயும் இழுக்காமல் பாடி முடித்தான். அவன் குரல்தான், சந்தேகமே இல்லை. அந்த 'ள' வராத நாக்கு, வரி முடிவில் எகிறும் அந்தக் கோபம், எல்லாம் அவனுடையவை. அமலு தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை அவன் முடித்த பிறகுதான் கவனித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள். அன்று முழுவதும் சமைக்கவில்லை. பாடுறான் பார், பாடுறான் பார் என்று யாரும் இல்லாத வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள்தான் கையில் ஏதோ குறைந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் முட்டிமேல் தயாராக இருந்தன, எப்போதும் இருப்பதுபோல. அவன் விரலை விரிப்பதற்காகக் காத்திருந்தன. பாட்டு முடிந்துவிட்டது. விரல்களுக்கு வேலையே வரவில்லை.

முதல் பாட்டிலிருந்து திரும்பப் போட்டாள். கவனமாகக் கேட்டாள். தாளம் இருந்தது, டப்பாக்கள் முன்னைவிட நன்றாகவே முழங்கின. ஆனால் உருட்டு ஒன்றுகூட இல்லை. இருபத்தாறு நிமிடத் தொகுப்பு பத்தொன்பது நிமிடமாகச் சுருங்கியிருந்தது. முப்பத்தொரு இருமலோடு முப்பத்தொரு உருட்டும் போய்விட்டன.

நறுமுகையை அழைத்தாள்.

"கேட்டீங்களாம்மா? எப்படி இருக்கு?"

"நல்லா பாடுறாரு" என்றாள் அமலு. "என் உருட்டு எங்கம்மா?"

"எது?"

விவரம் சொன்னாள். மறுமுனையில் ஏதோ தட்டிப் பார்க்கும் சத்தம். "அது வந்தும்மா... பாட்டோட அமைப்புல அது சேரலைன்னு துலக்கி முடிவு பண்ணியிருக்கு. ஒரு எடத்துல அஞ்சு சுத்து, ஒரு எடத்துல ரெண்டரை. கணக்கே இல்ல. எந்த டிரம்மரும் வேணும்னு அப்படி வாசிக்க மாட்டாங்கன்னு பிழையில சேர்த்துடுச்சு."

"நான் வேணும்னுதான் வாசிச்சேன்."

"மன்னிச்சுக்குங்கம்மா."

"பரவால்ல. எடுத்ததைத் திருப்பிக் குடுத்துடு. நான் தனியா வெச்சுக்கிறேன்."

"அது இல்லம்மா. இருமல்ங்கிறது ஒருத்தரோட மருத்துவத் தகவல். அனுமதி இல்லாம வெச்சிருக்கச் சட்டத்துல எடமில்ல. முப்பது நாள்ல கழிவொலியை அழிச்சிடணும். உங்க உருட்டும் அது மேலயே படிஞ்சிருந்ததால..."

"அவுரு செத்து முப்பத்தாறு வருஷம் ஆச்சேம்மா."

"செத்தவங்களுக்கும் அந்தரங்கம் உண்டுன்னு சொல்லுது சட்டம். அட்டையிலயே போட்டிருப்பாங்க, பாருங்க."

வாழ்த்து அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'மறைந்த தங்கள் கணவரின் உடல்நல அந்தரங்கம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது' என்று பூப்போட்ட எழுத்தில் இருந்தது.

அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. விரலை வைத்தது அவள்தான். ஒரு மனிதனிடம் அவளுக்கு மிஞ்சியிருந்தது, அவன் மூச்சு முட்டிய நேரங்களில் அவள் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள் என்பது மட்டும். அந்த நேரங்களைத்தான் பிழை என்று கூட்டிப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். கோயம்புத்தூர் ரசிகரின் பேழையிலும் இப்போது சவரி திடகாத்திரமாகப் பாடிக்கொண்டிருப்பான். தகரக்கொட்டாயின் டிரம்மர் சாதாரண டிரம்மர் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஐந்து மாதம் கழித்து இன்னொரு கடிதம் வந்தது. பதினெட்டு வருடமாக மூடிக்கிடந்த சாம்பல் குளத்தைத் திரும்பத் திறக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் விசாரணை. இந்தக் குளத்தால் யாருக்காவது நோய் வந்தது, சாவு வந்தது என்று நிரூபித்தால், அவர்கள் பெயர் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் ஏறும், பழைய சான்றிதழ்களும் திருத்தப்படும். பட்டியலில் போதுமான பெயர் இருந்தால் குளம் திறக்கப்படாது.

பழைய சான்றிதழ்கள் திருத்தப்படும். அந்த வரியை அமலு பத்துத் தடவை படித்தாள். புகைப்பழக்கம் என்ற சொல்லை அழிக்க ஒரு வழி வந்திருக்கிறது, அவள் சாவதற்கு முன்னால். அடுத்த கணமே தன் கையில் ஆதாரம் என்று இருந்தது எது, அதை என்ன செய்தாள் என்று நினைவுக்கு வந்தது. அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தாள். எதற்குப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

போகாமலும் இருக்க முடியவில்லை. வெள்ளைப் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, அந்தச் சின்னக் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு, குறித்த நாளில் காலை பத்து மணிக்கு விசாரணை அலுவலகம் போய்ச் சேர்ந்தாள்.

விசாரணை அலுவலர் கோதண்டபாணி கடுமையான ஆள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். மேசையில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பொருள் இருந்தது. பதிவி. சாட்சி சொல்வதைக் கேட்டுத் தானே எழுதி அச்சிட்டுத் தரும். மனிதக் கையால் எழுதிய வாக்குமூலங்கள் வழக்கொழிந்து வெகு காலம் ஆகிவிட்டது.

"இப்ப ஒலிச்சாட்சி முறைம்மா" என்றார் அவர். "பழைய ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் கிடைக்கிறதில்ல, கிடைச்சாலும் நம்ப முடியறதில்ல. அதனால அந்தக் காலத்துல உங்க பகுதியில பதிவான எல்லா ஒலியையும் எடுத்துக் கேக்கச் சொல்லியிருக்கோம். கல்யாண வீடியோ, கோயில் பூசை, பள்ளிக்கூட ஆண்டு விழா, போன்ல பேசினது. மொத்தம் நாப்பதாயிரம் மணி நேரம்."

"இன்னா வந்திச்சு சார்?"

அவர் காகிதத்தைப் புரட்டினார். கொஞ்சம் தயங்கினார். "நாலு இருமல்மா."

"நாப்பதாயிரம் மணி நேரத்துல?"

"மலைவாசஸ்தலத்துல இருக்கிறவங்களைவிட உங்க ஜனங்க ஆரோக்கியமா இருந்திருக்காங்கன்னு அறிக்கை சொல்லுது."

அமலுவின் கண்ணில் அவளுடைய அடுக்குமாடியின் ஒவ்வொரு வீடும் வந்து போனது. ஏழாவது மாடி பிலோமினா தன் மகள் கல்யாண வீடியோவைத் துலக்கினாள், தாலி கட்டும் நேரத்தில் சித்தப்பா இருமியே கெடுத்துவிட்டார் என்று. ஒன்பதாவது மாடியில் செத்துப்போன அப்பாவின் குரலைத் துலக்கி வைத்துக்கொண்டார்கள், பேரன் கேட்டால் பயப்படாமல் இருக்கட்டும் என்று. கோயிலில் பாதர் பழைய பூசைகளையெல்லாம் துலக்கிவிட்டார். யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாரும் தங்களுக்குப் பிரியமானதைக் கொஞ்சம் சுத்தம் செய்தார்கள். குப்பமே சேர்ந்து தன் சாட்சியைத் தன் கையால் கழுவி ஊற்றியிருந்தது.

"அது மட்டும் இல்லம்மா. ஏழாவது சான்றா ஒரு பாட்டுத் தொகுப்பு சேர்த்திருக்காங்க" என்று அவர் தொடர்ந்தார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியவில்லை. "குளம் இருந்த எடத்துலேர்ந்து முந்நூறு மீட்டர்ல பதிவானது. பாடினவர் பத்தொன்பது விநாடி மூச்சுவிடாம பாடியிருக்கார். அந்தக் காத்துல நோய் இருந்திருந்தா இப்படி ஒரு நுரையீரல் சாத்தியமே இல்லன்னு நிபுணர் குறிப்பு எழுதியிருக்கார்."

சவரி ஆசைப்பட்டபடி அமலு அவனை முழுசாகப் பாட வைத்தாள். அந்தப் பாட்டு இன்று அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது.

"அது எங்க வூட்டுக்காரர் சார்" என்றாள். "முப்பத்தஞ்சு வயசுல நெஞ்சு அடைச்சு செத்தாரு. அவுரு எப்படிப் பாடினாருன்னு நான் காட்டட்டுமா?"

அவர் தலையசைத்தார்.

"காதுல இருக்கிறதக் கயட்டிடுங்க சார். இல்லன்னா கேக்காது."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு செவிமணிகளைக் கழற்றி மேசையில் வைத்தார். வெறுங்காதோடு அவர் எத்தனை வருடத்துக்குப் பிறகு இருந்தாரோ, முகம் சுருங்கியது. அமலுவும் தன்னுடையதைக் கழற்றினாள். உலகம் பாதிக்கு மேல் அணைந்துபோனது. அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பாட ஆரம்பித்தாள். நல்ல குரல் இல்லை. வெள்ளைத் துணி காயப் போடாதே. கொடியில... அங்கே நிறுத்தினாள். இரண்டு கை முட்டியாலும் மேசைமேல் உருட்ட ஆரம்பித்தாள். ஐந்து சுற்று. ஐஸ் பேக்டரியில் அன்று மத்தியானம் அவன் எவ்வளவு நேரம் குனிந்திருந்தானோ அவ்வளவு நேரம், ஒரு தட்டு கூடாமல் குறையாமல். மேகம் ஒக்காருது. தண்ணியில... மறுபடி அடைத்தது. இரண்டரைச் சுற்று. அவள் தலைக்கு அந்தக் கணக்கு தெரியாது, கைக்குத் தெரிந்தது. கண்ணை மூடியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் விரிந்திருந்த அந்த இரண்டு விரலைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். கடைசி அடியில் அவளுக்கே இருமல் வந்தது. அவளும் அந்தச் சாம்பலைத் தின்று வளர்ந்தவள்தானே. இருமிக்கொண்டே உருட்டினாள், உருட்டிக்கொண்டே பாடி முடித்தாள்.

கண்ணைத் திறந்தபோது கோதண்டபாணி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தலையை நிமிர்த்தினார். அவர் ஏதோ சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. செவிமணியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"ஒவ்வொரு வரியிலயும் இப்படித்தானாம்மா?" என்று திரும்பக் கேட்டார்.

"பதினோரு பாட்டுக்கும் வாசிச்சுக் காட்டுவேன் சார். முப்பத்தோரு எடம்."

"வேண்டாம்மா. இது போதும். இதைவிட என்ன வேணும்?" தன் செவிமணியை மாட்டிக்கொள்ளாமலே பதிவியைத் தட்டினார். அது ஒரு காகிதத்தைத் தள்ளியது. எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு அவள் பக்கம் நகர்த்தினார்.

'சாட்சி அமலோற்பவம், வயது 66. "வெள்ளைத் துணி காயப் போடாதே" என்னும் பாடலை முழுமையாக, தடங்கலின்றிப் பாடினார். நேரம்: ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. உடல்நலக் குறிப்பு: சாட்சியின் சுவாசம் சீராக உள்ளது.'

அமலு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் பாட ஆரம்பிச்சது பத்து இருபது சார். இப்ப பத்து இருபத்தஞ்சு. மிச்ச நேரம் எங்க போச்சு?"

"நான் கேட்டேன்மா" என்றார் அவர் தணிந்த குரலில். "நான் என் காதால கேட்டேன். ஆனா நான் கேட்டது பதிவாகாது. பதிவி கேட்டதுதான் பதிவு."

"கையால எழுதுங்க."

"எழுதினா ஏத்துக்க மாட்டாங்க. என்னைத்தான் மாத்துவாங்க." அவர் பேனாவை எடுத்தார், காகிதத்தின்மேல் கொண்டுபோனார், திரும்ப மூடி வைத்தார். "நீங்க இதுல ஒப்புதல் குடுக்க வேண்டாம். ஆனா ஏழு நாள்ல மறுப்பு வரலைன்னா ஒப்புதலாத்தான் எடுத்துக்குவாங்க."

"மறுப்பு எப்படிக் குடுக்கிறது?"

அவர் மேசைமேல் இருந்த பதிவியை மட்டும் பார்த்தார். மறுப்பையும் அதனிடம்தான் சொல்லியாக வேண்டும் என்று அமலுவுக்குப் புரிந்தது. குப்பியை எடுத்து அவர் முன்னால் வைக்கலாமா என்று யோசித்தாள். வைத்து என்ன சொல்வது? பையிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். வாசல்வரை அவர் கூட வந்தார், அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். காதில் இன்னும் அவர் எதையும் மாட்டியிருக்கவில்லை.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிர் இருக்கையில் சித்தாள் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, தலைத்துண்டு முழுவதும் சிமென்ட் தூசு. பாதி வழியில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் இரண்டும் குலுங்கின, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சத்தம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் பாட்டைக் கேட்டுக்கொண்டு வெளியே பார்த்திருந்தார்கள்.

அமலுவின் விரல்கள் முன்னாலிருந்த இரும்புக் கம்பியில் உருட்ட ஆரம்பித்தன. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. அந்தப் பெண் நிமிர்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளும்வரை விடவில்லை. பிறகு நிறுத்தினாள். அதுவும் யார் காதிலும் விழவில்லை.